காட்டுப்பன்றியைச் சுட துப்பாக்கி வாங்கலாமா? ரைஃபிள், ஸ்கோப், லைசென்ஸ்... விவசாயிகள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழி பக்கம் ஒருத்தர் "காட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொன்னால், மானாவாரிப் புஞ்சைக்குப் போகிறார் என்றுதான் அர்த்தம். மரம் அடர்ந்த காட்டைப் பார்க்க மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலை வரை போகணும். ஆனால் காட்டுப்பன்றி மட்டும் இங்கேயே இருக்கு. கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல முட்காடுதான் அதுக்கு வீடு.

புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த மக்காச்சோளம் கார்த்திகை, மார்கழியில் கதிர் பிடிக்கும். பன்றிக் கூட்டம் இறங்குவதும் அப்போதுதான். தின்பதைவிட தட்டையைச் சாய்த்து மிதித்து நாசமாக்குவதுதான் அதிகம். நிலக்கடலை என்றால் வேரோடு கிளறிவிடும். உழவு, விதை, உரம், மருந்து என்று கடன் வாங்கிப் போட்ட பணம் ஒரே ராத்திரியில் போய்விடும்.

இன்னொரு பக்கம், அமெரிக்காவின் டெக்சாஸில் தெர்மல் ஸ்கோப் வைத்து இருட்டில் பன்றிகளைச் சுடும் வீடியோக்கள் செல்போனில் வந்துகொண்டே இருக்கின்றன. அதைப் பார்த்ததும், "நாமும் ஒரு ரைஃபிள் வாங்கினால் என்ன?" என்று தோன்றுவது இயல்புதான். வாங்கலாமா? எந்தத் துப்பாக்கி? ஸ்கோப் தேவையா? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இந்தியாவில் வேட்டை சீசன் இருக்கிறதா?

இல்லை. தென்னாப்பிரிக்கா, நமீபியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் கட்டணம் கட்டி, அனுமதி வாங்கி வேட்டையாடலாம். இந்தியாவிலும் ஒரு காலத்தில் வேட்டை லைசென்ஸ் இருந்தது. பழைய வேட்டைக் கதைகளில் வரும் ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி, கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டர் எல்லாம் அந்தக் காலத்துச் சமாச்சாரம். 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்துக்குப் பிறகு விளையாட்டுக்காக வேட்டையாடும் வழி முழுசாக அடைக்கப்பட்டது.

'வேட்டை' என்றால் சுடுவது மட்டும் இல்லை. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, பொறி வைத்துப் பிடிப்பது, இதற்கெல்லாம் முயற்சி செய்வதுகூட சட்டப்படி வேட்டைதான்.

காட்டுப்பன்றியைச் சுட்டால் என்ன தண்டனை?

2022-ல் திருத்தப்பட்ட சட்டப்படி காட்டுப்பன்றியும் புள்ளிமானும் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் வேட்டையாடினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயில் முதல் அட்டவணை. அதைக் கொன்றால் குறைந்தபட்சமே 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. பயிரைத் தின்ன வந்த மயில் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அதே சட்டத்தின் 11-வது பிரிவில் ஒரு வழியும் இருக்கு. இரண்டாம் அட்டவணை விலங்கு ஒன்று மனித உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ ஆபத்தாகிவிட்டது என்று தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரியோ கருதினால், காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமாக அனுமதி தரலாம். அந்த உத்தரவு கையில் இல்லாமல் சுடுவது குற்றம். பன்றி நேரடியாகப் பாய்ந்து, உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேறு வழி இல்லாமல் கொன்றால் அது குற்றம் ஆகாது. ஆனால் அப்போதும் செத்த பன்றி அரசுச் சொத்து. கறிக்கு எடுக்கக் கூடாது.

தமிழ்நாடு அரசு சுட அனுமதி கொடுத்ததே?

கொடுத்தது. ஆனால் யாருக்கு என்பதில்தான் குழப்பம். 2025 ஜனவரியில் வந்த அறிவிப்பு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து உள்ள தூரத்தை மூன்றாகப் பிரிக்கிறது:

• 1 கி.மீ. வரை: சுடக் கூடாது.
• 1 முதல் 3 கி.மீ. வரை: பிடித்துக் காட்டில் விட வேண்டும்.
• 3 கி.மீ.க்கு அப்பால்: சுடலாம். ஆனால் சுடப்போவது பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர்கள்.

இதற்கு கிராம அளவில் வி.ஏ.ஓ., வனத்துறை ஊழியர், ஊராட்சி பிரதிநிதி அடங்கிய குழுவின் பரிந்துரையும் வேண்டும். ஆக, மலையிலிருந்து தள்ளி இருக்கும் கரிசல் பகுதிக்கு மூன்றாவது பிரிவு ரொம்பவே முக்கியம். உங்கள் சர்வே எண் எந்தப் பிரிவில் வருகிறது என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் எந்தப் பிரிவாக இருந்தாலும் துப்பாக்கி விவசாயி கைக்கு வராது.

அப்போ 'பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ்' என்பது என்ன?

1959 ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவில் இது இருக்கு. பயிரைக் காக்க உண்மையாகவே தேவை என்றால், குழாயின் வாய் வழியாக மருந்தையும் பால்ரஸ் குண்டையும் போட்டு இடிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம். போலீஸ் செய்திகளில் 'எஸ்.பி.எம்.எல்.' என்று வருவது இந்த வகைதான். அது போதாது என்று அதிகாரிக்குப் பட்டால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்குத் தரலாம். நடைமுறையில் அது 12 போர். பயிர்ப் பாதுகாப்பு என்ற இந்த வழியில் ரைஃபிள் என்ற பேச்சே கிடையாது.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 21 வயது முடிந்திருக்கணும். போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று எல்லாம் கேட்பார்கள். 2019 திருத்தப்படி லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும்.

இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். துப்பாக்கி லைசென்ஸ் வேறு, பன்றியைச் சுடும் அனுமதி வேறு. முதலாவது ஆயுதச் சட்டம், இரண்டாவது வனவிலங்குச் சட்டம். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் வைத்திருப்பவர்கூட வெடிச்சத்தம் போட்டுப் பன்றியை விரட்டலாமே தவிர, உத்தரவு இல்லாமல் குறிபார்த்துச் சுட முடியாது.

லைசென்ஸே இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்றால் கேட்கவே வேண்டாம். வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

ரைஃபிளுக்கும் 12 போருக்கும் என்ன வித்தியாசம்?

ரைஃபிள் குழலுக்குள் திருகு போல வரி ஓடும். தோட்டா சுழன்று வெளியே வருவதால் நேராக, வெகுதூரம் போகும். இந்தியாவில் தனிநபர் லைசென்ஸில் புழங்கும் .315, .30-06 எல்லாம் இந்த வகை. .303 போன்றவை தடை செய்யப்பட்ட ரகம். 12 போர் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். தோட்டாவுக்குள் இருக்கும் ஈயக் குண்டுகள் பரவிப்போகும். 30, 40 மீட்டர் வரைதான் அதை நம்பலாம்.

தூரம் குறைவு என்பது குறையாகத் தெரியும். ஆனால் கரிசலில் அதுதான் பாதுகாப்பு. இது மேடு பள்ளம் இல்லாத சமதளம். குறி தப்பிய ரைஃபிள் தோட்டா கிலோமீட்டர் கணக்கில் போகும். அடுத்த புஞ்சையில் காவலுக்குப் படுத்திருப்பவர், கிடை போட்டிருக்கும் ஆட்டுக்காரர், அதிகாலை பஸ்ஸுக்கு நடந்து போகிறவர் என்று யார் மேலும் படலாம். தோட்டா எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் சுடக் கூடாது என்பதுதான் துப்பாக்கிப் பயிற்சியின் முதல் பாடம். வனத்துறையினர் சுட வரும்போதும் கண்மாய்க் கரை போன்ற மண்மேடு பின்னால் இருக்கும் இடமாகப் பார்ப்பது நல்லது.

ஸ்கோப் தேவையா?

கடைகளில் '3-9x40' என்று எழுதியிருப்பார்கள். 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மி.மீ. என்று அர்த்தம். குண்டு பரவும் 12 போருக்கு 30 மீட்டரில் இது தேவையே இல்லை. மடங்கு கூடக் கூட பார்வை வட்டம் சுருங்கும். ஓடும் பன்றியைத் தேடுவதே சிரமம். தெர்மல் ஸ்கோப் வெப்பத்தைக் காட்டும். ஆனால் மக்காச்சோளத் தட்டைக்கு நடுவில் தெரியும் வெப்பப் புள்ளி பன்றியா, நாயா, குனிந்திருக்கும் மனுஷனா என்று உறுதியாகச் சொல்லாது.

ஏர் கன் வாங்கலாமா?

4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத சக்தியும் உள்ள ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். பன்றிக்கு அது உதவாது. காயம்பட்ட பன்றி திரும்பிப் பாய்ந்தால் ஆபத்து. முயல், பறவை என்று சுட்டாலும் வேட்டை வழக்குதான்.

கேரளாவில் மட்டும் எப்படி?

2022-ல் கேரள அரசு, உள்ளாட்சித் தலைவர்களைக் கௌரவ வன உயிரினக் காப்பாளர்களாக்கி, சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தது. லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் பட்டியலிலிருந்து ஆட்களை அழைத்துச் சுடச் சொல்லலாம். விஷம், வெடி, மின்சாரம் கூடாது. கறியைச் சாப்பிடவும் கூடாது, புதைத்துவிட வேண்டும். தமிழ்நாட்டிலும் இதே முறை வந்தால்தான் 12 போர் வைத்திருக்கும் விவசாயிக்கு வேலை இருக்கும். இப்போதைக்கு அப்படி இல்லை.

கரண்ட் வேலி, அவுட்டுக்காய்?

வேண்டவே வேண்டாம். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விட்டால் பன்றியைவிட முதலில் சிக்குவது இருட்டில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்துப் புஞ்சைக்காரராக இருக்கலாம். வனவிலங்கு வழக்கு, மின்திருட்டு வழக்கு, உயிர் போனால் அதற்கும் தனி வழக்கு. விட்டுவிட்டு அதிர்ச்சி மட்டும் தரும் சோலார் வேலி வேறு. காப்புக்காட்டுப் பக்கம் என்றால் அதற்கும் 2023 விதிகளின்படி வனத்துறை அனுமதி வேண்டும்.

இந்த சீசனில் என்ன செய்யலாம்?

• பயிர் சேதமானதும் சாய்ந்த தட்டை, காலடித் தடம் தெரிகிற மாதிரி தேதியோடு போட்டோ எடுங்கள்.
• வி.ஏ.ஓ., வனச்சரக அலுவலகம் இரண்டு இடத்திலும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். இழப்பீட்டுக்கும் கிராமக் குழுவின் பரிந்துரைக்கும் இதுதான் ஆதாரம்.
• ஒருவராகப் போகாமல், ஒரே கண்மாயைச் சுற்றி இருக்கும் விவசாயிகள் சேர்ந்து மனு கொடுங்கள். 3 கி.மீ.க்கு அப்பால் என்றால் அதைக் குறிப்பிட்டு, சுட ஏற்பாடு செய்யக் கேளுங்கள்.
• சோலார் வேலிக்கு மானியம் இருக்கிறதா என்று வேளாண் பொறியியல் துறையில் விசாரியுங்கள்.
• அதே மனுவில் கண்மாயின் சீமைக்கருவேலத்தை அகற்றவும் கேளுங்கள். பகலில் பதுங்க இடம் இருக்கும்வரை பன்றி வந்துகொண்டேதான் இருக்கும்.

துப்பாக்கிக் கடைக்குப் போகும் முன், வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. கதிர் பிடித்த பிறகு கொடுக்கும் மனுவைவிட, விதைத்த கையோடு கொடுக்கும் மனுவுக்குப் பலன் அதிகம்.