மோட்டார் பந்தயப் பழநாள் ஏக்கம்: கிள்ளான் பள்ளத்தாக்கு

மோட்டார் பந்தயப் பழநாள் ஏக்கம் என்பது, கடையில் விலைக்கு வாங்கிய காரையே சிறிது திருத்தியமைத்துப் பொதுச் சாலைகளிலும் அரைகுறைத் தடங்களிலும் ஓட்டிய ஆரம்ப காலத்தை, அக்காலத்துப் பிராணாபாயத்தோடு சேர்த்தே பொற்காலமாகப் போற்றும் ரசிகரின் மனநிலையைக் குறிக்கும். அமெரிக்காவில் ‘ஸ்டாக் கார்’ பந்தயத்தை ஒட்டி எழுந்த ஏக்கம் உலகப் பிரசித்தி பெற்றது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அதற்கு நேரான இடத்தை வகித்தது ‘சலூன் கார்’ பந்தயம். கிள்ளான் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை இவ்வேக்கத்தின் ஸ்தலம், ஷா ஆலத்தில் முன்பு அமைந்திருந்து, இன்று அடையாளம் தெரியாமற் போய்விட்ட பத்து தீகா பந்தயத் தடமாகும்.

அமெரிக்க வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது நலம். மதுவிலக்குக் காலத்திலும் அதன் பின்னரும் தென் மாநில மலைப்புறங்களில் கள்ளச்சாராயம் காய்ச்சி, போலீஸ் வண்டிக்கு எட்டாத வேகத்தில் ஓடும்படி முடுக்கிய சாதாரண ஃபோர்டு கார்களில் அதை ஊர்களுக்குக் கடத்தியவர்களுட் பலர் அப்பந்தயத்தின் முதல் தலைமுறை வீரர்களாயினர். 1948இல் பில் பிரான்ஸ் என்பவர் டேடோனா கடற்கரையில் நாஸ்கார் ஸ்தாபனத்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டு சார்லட் நகரில், யாதொரு மாற்றமும் செய்யாத கார்களுக்கென்றே நடத்தப்பட்ட முதற் பந்தயத்தில், முதலாவதாக வந்தவர் தம் வண்டியின் ஸ்பிரிங்குகளைத் திருத்தியிருந்தார் என்று நீக்கப்பட்டு, ஜிம் ரோப்பர் என்பவருக்கு வெற்றி அளிக்கப்பட்டது; ஆகவே விதியும் விதிமீறலும் அவ்விளையாட்டில் ஒரே நாளில் பிறந்தன என்னலாம். 1964இல் பயர்பால் ராபர்ட்ஸ் என்ற புகழ்பெற்ற வீரர் கவிழ்ந்து எரிந்த காரில் தீக்காயமுற்று, சில வாரங்கள் மருத்துவமனையில் கிடந்து மாண்டார். மோதலில் கிழியாத ரப்பர்ப் பை அமைந்த எரிபொருட் கலம் இத்தகைய மரணங்களின் பிறகே பந்தயக் கார்களில் இடம்பெற்றது. 2001இல் டேல் ஏர்ன்ஹார்ட் என்ற வீரர் டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி இறந்ததும், கழுத்தைத் தாங்கும் கவசம் கட்டாயமாயிற்று. மோதலை வாங்கிக்கொள்ளும் சுவர்களும் எழுந்தன. அன்று முதல் அந்த ஸ்தாபனத்தின் முதன்மைத் தொடரில் எந்த ஓட்டுநரும் பந்தயத்தில் உயிரிழந்ததில்லை. வினோதம் யாதெனில், ‘பந்தயம் சாரமற்றுப் போயிற்று’ என்ற ரசிகரின் முறையீடு ஓங்கியதும் இதே ஆண்டுகளிலேதான். 2015 முதல் டார்லிங்டன் பந்தயத்தில் பழங்காலச் சாயம் பூசிய கார்கள் ஓடுவதும், 1996க்குப் பின் பாழடைந்து கிடந்த நார்த் வில்க்ஸ்பரோ தடம் 2023இல் புதுப்பிக்கப்பட்டதும், அம்முறையீட்டுக்கு அமைப்பாளர் அளித்த மறுமொழிகள்.

மலாயாவில் இவ்விளையாட்டு தெருவிலே பிறந்தது. 1940இல் ஜொகூர் பாரு நகரச் சாலைகளில் கிராண்ட் பிரிக்ஸ் என்ற பெயரில் பந்தயம் நடந்தது. யுத்தத்திற்குப் பின் அது மீண்டும் உயிர்பெற்றது. ஆயினும் இன்றைய முதியவர்களின் ஞாபகத்தை முழுவதும் ஆக்கிரமித்திருப்பது சிங்கப்பூரின் தாம்சன் சாலைத் தடமே. சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கும் பிரசாரத்தின் ஒரு பகுதியாக 1961இல் அங்கே முதற் பந்தயம் நிகழ்ந்தது; 1962 முதல் மலேசியக் கிராண்ட் பிரிக்ஸ் என்றும், சிங்கப்பூர் பிரிந்தபின் 1966 முதல் சிங்கப்பூர்க் கிராண்ட் பிரிக்ஸ் என்றும் வழங்கப்பட்டது. கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களிலிருந்தும் வீரரும் ரசிகரும் அங்குச் சென்றார்கள்.

அத்தடத்தின் நீளம் ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர். ஒரு பாதி, நேரே நீண்டு நடுவில் சற்றே மேடிட்ட பெருஞ்சாலை. அம்மேட்டில் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். மறு பாதி, காட்டை ஒட்டி நெளியும் பழைய குறுகிய சாலை. ‘பாம்புகள்’ என்றும் ‘பிசாசு வளைவு’ என்றும் வீரர்கள் பெயரிட்ட திருப்பங்கள் இப்பகுதியில் இருந்தன. விளக்குக் கம்பங்களும், பஸ் நிறுத்தங்களும், மழைக்காலப் பெருவெள்ளத்தைக் கொண்டுசெல்வதற்கென ஆழமாக வெட்டப்பட்ட கால்வாய்களும் பந்தயத்திற்காக எங்கும் அகற்றப்படவில்லை, அகற்றவும் இயலாது. வண்டி வழுக்கினால் சேரும் இடம் அக்கால்வாய்தான். 1964இல் பெருமழை கொட்டியதால் சில சுற்றுகளுக்குள் பந்தயம் கைவிடப்பட்டது. 1973 வரை நடந்த இப்பந்தயங்களில் எழுவர் மாண்டனர் எனக் கணக்கிடப்படுகிறது. இறுதி இரண்டு ஆண்டுகளிலும் அடுத்தடுத்து மரணம் நேர்ந்தது. அதன்பின், விபத்துகளையும் போக்குவரத்து இடையூற்றையும் கருதிச் சிங்கப்பூர் அரசாங்கம் பந்தயத்தை நிறுத்திவிட்டது.

பெரிய பந்தயத்தில் லோட்டஸ், எல்ஃபின் போன்ற ஒற்றை இருக்கைக் கார்கள் ஓடியபோதிலும், ஜனங்களின் அபிமானம் சலூன் கார்களையே சார்ந்திருந்தது. இதற்குக் காரணம் அறிய ஒரு மினி கூப்பரைக் கற்பனை செய்து பார்த்தாற் போதும். பின் இருக்கை கழற்றப்பட்டிருக்கும். சக்கர மூடிகள் வீட்டில் விடப்பட்டிருக்கும். முன்விளக்கின் கண்ணாடி உடைந்து தடத்தில் சிதறாதபடி அதன்மேல் பெருக்கற்குறியாக நாடா ஒட்டியிருக்கும். என்ஜின் மூடி காற்றில் திறந்துகொள்ளாமல் தோல்வாரால் கட்டப்பட்டிருக்கும். கதவில் வெள்ளை வட்டமிட்டு எண் எழுதியிருக்கும். பெட்ரோல் தொட்டியோ தொழிற்சாலையில் பொருத்தியபடியே, பின்புறத்தில் மெல்லிய தகட்டுடன் இருக்கும். ஞாயிறு மாலை பந்தயம் முடிந்து, இருக்கையை மீண்டும் பொருத்தினால், திங்கட்கிழமை அதிலேயே அலுவலகம் போகலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் உள்ள அதே வண்டி, ஆல்ஃபா ரோமியோ போன்ற விலையுயர்ந்த வண்டியை வளைவில் முந்துவதைக் கண்ட ஒருவனுக்கு, வீரருக்கும் தனக்கும் இடையே இருப்பது துணிவு ஒன்றே என்று தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை.

சிங்கப்பூர் தனி நாடானபின் மலேசியாவுக்கென ஒரு தடம் தேவைப்பட்டது. 1968இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே, கூட்டரசு நெடுஞ்சாலைக்கு அருகே பத்து தீகா தடம் அமைந்தது. ஷா ஆலம் என்ற நகரம் அப்பொழுது பெரும்பாலும் வரைபடத்திலேதான் இருந்தது. சுங்கை ரெங்கம் தோட்டத்தின் ரப்பர் மரங்களும் செம்பனைகளும் சூழ்ந்த நிலம் அது. ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள இத்தடத்தில் விளக்குக் கம்பமும் பஸ் நிறுத்தமும் இல்லை என்பதே தாம்சன் சாலையை நோக்கப் பெரும் முன்னேற்றமாயிற்று. ஆனால் காண வந்த கூட்டத்தைத் தடத்திலிருந்து பிரித்துவைக்கும் கலையை உலகம் அப்பொழுது முற்றும் கற்றிருக்கவில்லை. 1955இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் எண்பதுக்கு மேற்பட்டோர் ஒரே விபத்தில் மாண்டிருந்தும், அப்பாடம் எல்லாத் தேசங்களுக்கும் ஒரே வேகத்தில் சென்று சேரவில்லை.

இந்நாட்டுத் தமிழருக்கு இப்பந்தயத்தோடு ஏற்பட்ட உறவு பெரும்பாலும் வேலிக்கு வெளியிலும் என்ஜினுக்கு அடியிலுமாக அமைந்தது. தோட்டத்து லாரிகளை ஓட்டியவர், செந்தூல் ரயில்வே பட்டறையில் தொழில் கற்றவர், அவர் மகனாகப் பிறந்து கார் பழுதுபார்க்கும் கடை வைத்தவர் எனப் பரம்பரையாக இயந்திரப் பழக்கம் உள்ள சமூகம் இது. சொந்தமாகக் கார் வாங்கிப் பந்தயத்தில் இறக்கும் வசதி அவர்களுட் சிலருக்கே இருந்தது. ஆகவேதான், மோட்டார் சைக்கிளில் தொடங்கிக் காருக்கு மாறி, 1970களில் பிரிட்டனின் ஃபார்முலா அட்லாண்டிக் பந்தயங்கள் வரை சென்ற சன்னி ராஜா, நீண்ட தலைமுடியும் தொங்கு மீசையுமாக அக்காலத் தமிழ் இளைஞரின் மனத்தில் ஒரு சினிமா நாயகனுக்கு உரிய இடத்தைப் பெற்றார். இன்றும் செலாயாங், செந்தூல் பகுதிகளின் பட்டறைகளில் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் பத்து தீகா என்று சொன்னால், கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவர் முதலில் உச்சரிக்கும் பெயர் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

அந்தப் பேச்சில் அரிதாகவே வருவது 1977ஆம் ஆண்டு. அவ்வாண்டு மலேசியக் கிராண்ட் பிரிக்ஸின்போது ஒரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர் இருந்த பக்கம் பாய்ந்ததில் சிறுவர்கள் உயிரிழந்தனர். பந்தய வீரன் தன் உயிரைப் பணயம் வைப்பதில் ஒரு சாகசம் உண்டென்று வாதிக்கலாம். வேலியோரம் நின்ற சிறுவர் எதையும் பணயம் வைக்கச் சம்மதிக்கவில்லை. பழநாளின் அபாயத்தை வீரத்தின் உரைகல்லாகப் புகழ்ந்துரைப்போர் இச்சம்பவத்தைத் தம் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது இவ்வேக்கத்தின் மிகப் பெரிய குறை. பிழைத்திருப்பவர்களே நினைவுகூர்கிறார்கள், ஆதலால் நினைவு பிழைத்தவர் பக்கமே சாய்கிறது.

பின்னர் பத்து தீகா, ஷா ஆலம் தடம் என்ற பெயரில் உலகத் தரத்தை நாடிற்று. 1985 டிசம்பரில் ‘செலாங்கூர் 800’ என்ற உலக ஸ்போர்ட்ஸ் கார்ப் பந்தயம் இங்கே நடந்து, ஜாக்கி இக்ஸும் யோக்கன் மாஸும் போர்ஷே காரில் வென்றனர். 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரிக்ஸ் இங்கே ஓடியது. முதலாண்டில் ஜான் கோசின்ஸ்கி வெற்றி பெற்றார். 1999இல் விமான நிலையத்தை அடுத்த செம்பனைக் காடுகளினிடையே 5.543 கிலோமீட்டர் நீளத்தில் சிப்பாங் தடம் திறக்கப்பட்டதும் ஷா ஆலத்தின் காலம் முடிந்தது. சில ஆண்டுகளில் அத்தடம் உடைக்கப்பட்டு, வீடுகளும் கடைவரிசைகளும் எழுந்தன.

சிப்பாங்கின் அகன்ற ஓரவெளிகளும், சரளைக்கல் படுகைகளும், தொலைவில் எழுந்த கூரையிட்ட மாடங்களும் உயிர்காக்கும் நோக்கத்தோடு கட்டப்பட்டவை. பல உயிர்களைக் காத்தும் இருக்கின்றன. எனினும் 2011 அக்டோபரில் இத்தாலிய வீரர் மார்கோ சிமொன்செல்லி இங்கேதான் மாண்டார் என்பதால், அபாயம் முற்றும் அகன்றுவிட்டது என்று ஒருவரும் கூறமுடியாது. ரசிகரின் மனக்குறை வேறொரு திசையில் இருக்கிறது. மாடத்தில் உட்கார்ந்தவனுக்கு வீரரின் முகம் தெரிவதில்லை. வண்டி எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. டயர் கிழியும் ஓசையும், ரப்பரும் ஆமணக்கெண்ணெயும் கருகும் வாசனையும் அவனை வந்து அடைவதில்லை. அபாயத்தை விரும்பியதாக அவனே சொல்லிக்கொண்டாலும், அவன் உண்மையில் இழந்திருப்பது அண்மை. அவ்வண்மைக்கும் அபாயத்துக்கும் அன்று ஒரே விலைச்சீட்டு இருந்தபடியால், ஒன்றை நினைக்கும்போது மற்றதும் கூடவே வந்துவிடுகிறது.

தமிழர் வாழும் பிற இடங்களிலும் இதே கதை சிறு மாற்றங்களோடு காணப்படும். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்தகால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களைப் பற்றிப் பேசுவோர், 1990ஆம் ஆண்டளவில் அவற்றின் இடத்தைப் பெற்ற இருங்காட்டுக்கோட்டைத் தடத்தைப் பாதுகாப்புக்காகப் பாராட்டிவிட்டுச் சோழவரத்தின் புழுதியைப் பற்றியே மேலும் பேசுவர். இலங்கையில் நுவரெலியாவை அடுத்த மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934 முதல் அறியப்படுவது. ஆனால் 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபாக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து எழுவர் இறந்தபோது, தடத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே தூரம் குறைந்திருந்த அந்தப் பழைய காலம் எத்தகையது என்பதை ஒரு புதிய தலைமுறை நேரிற் கண்டது.

சிங்கப்பூரில் இவ்வேக்கம் நூலாகவும் தகவற் பலகையாகவும் உருப்பெற்றுவிட்டது. பந்தயம் மரீனா பேயில் இரவுப் பந்தயமாக மீண்ட 2008ஆம் ஆண்டிலேயே எலி சாலமன் என்பவர் தாம்சன் சாலைப் பந்தயங்களின் வரலாற்றை நூலாக எழுதினார். பழைய சாலையின் பெரும்பகுதி இன்றும் மரநிழலில் அப்படியே இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்குக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நினைவுக்கு நிலம் இல்லாதபடியால் அது வேறு சாலைகளைத் தேடிச் செல்கிறது. செலாயாங்கிலிருந்து பத்துமலையைக் கடந்து, சுங்கை துவா வழியாகப் பத்து அணைக்கட்டை ஒட்டி உலு யாம் செல்லும் வளைவுச் சாலையில் ஞாயிறு காலைகளில் திரளும் மோட்டார் சைக்கிள்களும் திருத்திய கார்களும், தாத்தாவின் கதைகளைக் கேட்டு வளர்ந்த பேரன்களின் கைகளில் இருக்கின்றன. எதிரே வருவது குடும்பத்தோடு அருவிக்குச் செல்லும் வண்டி என்பதை அக்கதைகள் அவர்களுக்குச் சொல்லவில்லை. அனுமதியில்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவதை 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடுக்கிறது.

சட்டப்படி தெருவில் பந்தயம் நடத்தும் முயற்சியும் நடந்ததுண்டு. 2015 ஆகஸ்டில் கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரங்களை அடுத்த சாலைகள் மூடப்பட்டு, ஆஸ்திரேலியாவின் வி8 சூப்பர் கார்கள் அங்கே ஓடின. தோற்றத்தில் கடைக் காரை ஒத்த அவை, ஸ்டாக் கார் வகைக்கு மிக நெருங்கியவை. கம்பிவலைகளும் கான்கிரீட் சுவர்களும் நகரத்தையே மறைத்திருந்தன. அது மறு ஆண்டு தொடரவில்லை. சிப்பாங்கில் ஃபார்முலா ஒன்று பந்தயமும் 2017இல் 19ஆவது முறையோடு நிறைவுற்றது. இப்பொழுது வேலியோரக் கூட்டத்தைக் காண விரும்புவோர் 1994 முதல் நடந்துவரும் ‘கப் பிரி’ பந்தயத்துக்கே போகவேண்டும்: அங்கே ஓடுவது ரப்பர் வெட்டப் போகிறவரும் கறிக்கடைக்குப் போகிறவரும் ஓட்டும் அதே ‘கப்சாய்’ மோட்டார் சைக்கிள், நிரந்தரத் தடங்களில் மட்டுமன்றி ஊர்ப்புறத்துத் தற்காலிகத் தடங்களிலும் அது நடைபெறுகிறது.