எவ்வளவு: கேள்வியும் வியப்பும்

தாம்பரம் சண்முகம் சாலைக் கடைகளில் "தக்காளி கிலோ எவ்ளோண்ணா?" என்றால் விலை கேட்பது. கடைக்காரர் விலை சொன்னதும் "எவ்ளோ!" என்று குரல் ஏறினால், பதில் யாருக்கும் வேண்டியதில்லை. 'எ' என்ற வினாவெழுத்தும் 'அளவு' என்ற பெயரும் வகரம் இரட்டித்துச் சேர்ந்த சொல் இது. அளவு கேட்கப் பிறந்த சொல்லே அளவு மீறியதை வியக்கவும் போதுகிறது. ஸ்பானிய மொழியில் இந்த வேலை பிரிந்து கிடக்கிறது. உயரம் கேட்க ஸ்பெயினில் 'கோமோ தே ஆல்தோ' என்பார்கள், மெக்சிகோவில் 'கே தான் ஆல்தோ'. வியக்கவோ வெறும் 'கே ஆல்தோ' போதும். இரண்டுக்கும் பொதுவாயிருந்த 'குவான்' இன்று பெரும்பாலும் ஏட்டோடு சரி.

'எவ்வளவு அழகு!' என்பது ஆங்கிலத்தைப் பார்த்து எழுதிய தமிழ் என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. அது பொருந்தாது, 'எத்துணை'யும் 'எத்தனை'யும் இதே இரட்டை வேலையைச் செய்யும் சொற்கள்தாம். குரல்தானே பிரிக்கிறது, சொல்லுக்கு என்ன பெருமை என்றால், 'என்ன'வைப் பார்க்கலாம். தாம்பரம் நடைமேடையில் "என்ன கூட்டம்?" என்பவர் காரணம் கேட்கிறார், பீச் வண்டியைப் பார்த்து "என்ன கூட்டம்!" என்பவர்தான் அளவைப் பேசுகிறார். துணைச்சொல் சேராத ஸ்பானிய 'கே' போல, 'என்ன' தானாக அளவைத் தொடுவது வியப்பில் மட்டுமே. 'எவ்வளவு' இரண்டிலும் அளவை விடுவதில்லை. ஓகாரம் சேர்த்தால் கேள்வியும் போய், வியப்பும் போய், அளக்காத மிகுதி மட்டும் நிற்கும்: "குரோம்பேட்டை நெரிசலுக்கு இது எவ்வளவோ பரவாயில்லை."