சாவா மூவா ஆடுகள்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது வாழைப்பழக் கணக்குதான். போர், மெய்க்கீர்த்தி எல்லாம் அப்புறம். பிள்ளையாருக்கு நாளொன்றுக்கு 150 வாழைப்பழம் படைக்க வேண்டும் என்று ராஜராஜன் ஏற்பாடு செய்கிறான். ஆண்டுக்கு 360 நாள் என்று கொண்டால் 54,000 பழம். ஒரு காசுக்கு 1,200 பழம். ஆக 45 காசு வேண்டும். வட்டி காசுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம். 45-ஐ எட்டால் பெருக்கினால் 360. அந்த 360 காசைத் தஞ்சாவூர்க் கடைத்தெருக்களின் வணிகர்களிடம் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். முதல் அவர்களிடமே நிற்கும். வட்டியைப் பழமாகத் தந்துகொண்டே இருக்க வேண்டும், சந்திரனும் சூரியனும் உள்ளவரை.

அரசனிடம் இல்லாத பணமா? வருஷா வருஷம் 45 காசு பண்டாரத்திலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கலாமே. நான் இதை இப்படித்தான் படிக்கிறேன்: தனக்குப் பிறகு பண்டாரம் யார் கைக்குப் போகும் என்று அவனுக்கே தெரியாது. கடைத்தெரு எங்கேயும் போய்விடாது. ஆகவே பேரரசன் தன் அறத்தை வாழைப்பழ வியாபாரிகளை நம்பி விடுகிறான்.

இது அவன் கண்டுபிடித்த வழியும் அல்ல. அவனுக்கு முன்பே, 9-ஆம் நூற்றாண்டில், வரகுண பாண்டியன் திருச்செந்தூர் முருகன் கோயிலுக்கு 1,400 பொற்காசு கொடுத்தான். அதைக் கோயிலில் வைத்துப் பூட்டவில்லை. சுற்றுவட்டாரத்து ஊர்ச் சபைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் வட்டி. ஓர் ஊரில் மழை பொய்த்தாலும் இன்னோர் ஊரின் நெல் வந்துவிடும். வட்டிக்குக் கல்வெட்டுகளில் ‘பொலிசை’ என்று பெயர். பொலிதல் என்ற சொல்லோடு சேர்த்துப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் என்னைப் பல நாள் தொந்தரவு செய்தவை ஆடுகள். கோயிலில் அணையாமல் ஒரு விளக்கு எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடு. பசுவானால் 48, எருமையானால் 16. இந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சாகாதவை, மூப்படையாதவை. கிழட்டு ஆட்டின் இடத்தில் குட்டி வந்து நிற்கும். எண்ணிக்கை மட்டும் 96-இலிருந்து இறங்கக் கூடாது. மூலதனம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பொருளியல் புத்தகத்திலும் படித்ததில்லை. நெய் விலை ஏறினால் ஆட்டின் விலையும் ஏறும், விளக்குக்கு ஒன்றும் ஆகாது.

சரி, ஆடு உண்மையில் செத்தால்? நோய் வந்து பாதி மந்தை போனால்? அப்போதும் உழக்கு நெய் வந்தாக வேண்டும். தஞ்சைக் கல்வெட்டுகள் ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையரின் பெயரைச் சொல்கின்றன, அவருக்குப் பிணை நின்ற உறவினர்களின் பெயரையும் சொல்கின்றன. குட்டியும் மோரும் அவர்களுக்கு வருமானம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் இன்னும் பிறக்காத பேரனுக்கும் சேர்த்து ஒருவர் ஒப்புக்கொள்கிறார். புண்ணியம் கொடுத்தவருக்கு, ஆடு மேய்க்கும் வேலை இடையர் வீட்டுக்கு. ‘சோழர் கால அறம்’ என்று நாம் சிலாகிக்கும்போது இந்தப் பாதியைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

இதெல்லாம் எனக்கு வெறும் வரலாறாக இல்லாமல் போனதற்குப் பெரியப்பா காரணம். பெரியம்மா போன பிறகு, அவர் பெயரில் ஊர் நூலகத்துக்கு 2 லட்ச ரூபாய் வைக்க வேண்டும் என்றார். “பேங்க்ல போட்டுட்டா போதும்லடா? வட்டி அதும்பாட்டுக்கு வந்துட்டிருக்கும். என்னைக்கும் நடக்கணும், அவ்வளவுதான்.”

நான் படித்த பள்ளியில் கணக்கில் முதல் மதிப்பெண்ணுக்கு ஓர் அறக்கட்டளைப் பரிசு உண்டு. யாரோ ஒரு புண்ணியவான் 500 ரூபாய் போட்டுவைத்தது. ஒரு காலத்தில் அதன் வட்டியில் நல்ல அகராதி வாங்கிக் கொடுத்திருப்பார்கள். என் காலத்தில் ஒரு பேனா வந்தது. முதல் அப்படியேதான் இருக்கிறது, ஒரு பைசா குறையவில்லை. ரூபாய்க்குக் குட்டி போடத் தெரியாது, அதுதான் சிக்கல். வட்டி முழுவதையும் செலவழித்துவிட்டால் மந்தை கிழடாகிவிடும். இதைச் சொன்னதும் பெரியப்பா பாதி வட்டியை முதலோடு சேர்த்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டார். அவருக்கு ஆடு தெரியும்.

“சரி, யார் பாத்துக்குவா?” என்று அடுத்த கேள்வி. பச்சையப்ப முதலியார் கதையைச் சொன்னேன். 1794-இல் உயில் எழுதிவைத்துவிட்டு அதே ஆண்டு இறந்துபோனார். சொத்து நிர்வாகிகள் கையிலும் வழக்கிலும் சிக்கிக் கிடந்தது. கடைசியில் அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய், அறங்காவலர் குழு அமைத்து, கோயில் அறங்களுக்குப் போக மிஞ்சியதைக் கல்விக்கு ஒதுக்கி, பள்ளி தொடங்கும்போது ஆண்டு 1842. நாற்பத்தெட்டு வருஷம்! வேடிக்கை என்னவென்றால், முடங்கிக் கிடந்த காலத்தில் வட்டி சேர்ந்ததால்தான் பள்ளி வைக்கிற அளவுக்குப் பணம் மிஞ்சியது. அந்தப் பள்ளிதான் பின்னர் பச்சையப்பன் கல்லூரி ஆனது.

ஆள் சரியாக இருந்தாலும் நோக்கமே செத்துப்போவதும் உண்டு. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 1790-இல் இறந்தபோது பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலா 1,000 பவுண்டு விட்டுச்சென்றார். தொழில் பழகி முடித்த, மணமான, 25 வயதுக்குட்பட்ட கைவினைஞர்களுக்கு 5 சதவீத வட்டியில் கடன் தர வேண்டும். இப்படி 200 ஆண்டு. தொழிற்சாலைகள் வந்தன, அந்த மாதிரி இளைஞர்களே இல்லாமல் போனார்கள். 1990-இல் கணக்கு முடித்தபோது பாஸ்டனில் கிட்டத்தட்ட 50 லட்சம் டாலர், பிலடெல்பியாவில் அதில் பாதிகூட இல்லை. ஒரே தொகை, ஒரே உயில், பார்த்துக்கொண்டவர்கள் வேறு.

1914-இல் கிளீவ்லாந்து நகரத்து வங்கியாளர் பிரெடரிக் காஃப் இதற்கு ஒரு வழி செய்தார். செத்தவரின் கை உயிரோடிருப்பவர்களைக் கட்டிப்போடக் கூடாது என்பது அவர் கட்சி. பலருடைய கொடைகளையும் ஒரே நிதியாகச் சேர்த்து, ஊர்ப் பெரியவர்களின் குழு ஒன்றை வைத்து, நோக்கம் காலாவதியானால் மாற்றிக்கொள்ளும் அதிகாரத்தையும் அந்தக் குழுவுக்கே கொடுத்தார். உலகெங்கும் இன்று இருக்கும் சமூக அறநிதிகளுக்கு அதுதான் முன்மாதிரி. நம் கல்வெட்டுகளில் ஊரார் கையில் முதல் இருந்தது. மாற்றும் உரிமை இல்லை. மாற்றினால் கங்கை முதல் குமரி வரை செய்த பாவமெல்லாம் வந்து சேரும் என்று சாபம். அதே கல்வெட்டுகளில், இந்த அறத்தைக் காப்பவனின் பாதம் என் தலைமேல் என்றும் கொடுத்தவர் சொல்வதுண்டு. முகம் தெரியாத எவனோ ஒருவன் காலடியில் அவர்கள் தலையை வைக்கிறார்கள். சாபத்தைவிட எனக்கு இதுவே பயமாக இருக்கிறது.

பெரியப்பாவிடம் பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: நூலகம் இல்லாமல் போனால் ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கு. நீண்ட நேரம் யோசித்தார். “எழுதிக்கோ. அவ பேரு மட்டும் மாறக் கூடாது.” குழுவுக்கு ஐந்து பேர் வேண்டும். தலைமையாசிரியர், மளிகைக் கடைக்காரர், பெரியம்மாவின் தம்பி மகள், நான். பெரியப்பா தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஐந்தாவது ஆள் முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும், உள்ளூரிலேயே இருக்கப்போகிறவராக இருக்க வேண்டும் என்கிறார். இன்னும் கிடைக்கவில்லை.