பரிசாக வந்த மரங்களும் கூடவே வந்த பூச்சிகளும்

ஒரு நாடு அன்பளிப்பாக அனுப்பிய மரங்களை, வாங்கிக்கொண்ட நாடு தீ வைத்து எரித்தால் எப்படி இருக்கும்? 1910-ல் அமெரிக்காவில் இது நிஜமாகவே நடந்தது!

டோக்கியோ மேயர் யுகியோ ஒசாகி, நட்பின் அடையாளமாக 2,000 செர்ரி மரங்களை வாஷிங்டனுக்கு அனுப்பினார். 1910 ஜனவரி 6 அன்று மரங்கள் வந்து சேர்ந்தன. வேளாண் துறையினர் சோதித்துப் பார்த்தபோது பூச்சிகளும், வேரைத் தாக்கும் நூற்புழுக்களும் இருந்தன. அதிபர் டாஃப்ட் சம்மதிக்க, ஜனவரி 28 அன்று மரங்கள் கொளுத்தப்பட்டன.

ஏன் இவ்வளவு பயம்? அமெரிக்கா ஏற்கனவே சூடுபட்டிருந்தது. சான் ஹோசே செதில் பூச்சி என்று ஒன்று உண்டு. குண்டூசித் தலை அளவுதான். பட்டையோடு ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். கலிபோர்னியாவில் கண்டறியப்பட்ட இந்தப் பூச்சி, நாற்றுகளோடு பயணம் செய்து நாட்டின் பழத்தோட்டங்களைச் சூறையாடியது. இதன் பூர்வீகத்தைத் தேடி சார்லஸ் மார்லட் என்ற பூச்சியியலாளர் 1901-ல் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் போனார். வடசீனாதான் இதன் தாயகம் என்பது அவர் கண்ட முடிவு.

ஜப்பான் கோபித்துக்கொள்ளவில்லை. அரகாவா ஆற்றங்கரை மரங்களிலிருந்து கிளைகளை எடுத்து ஒட்டுக்கட்டி, கவனமாக வளர்த்த 3,020 மரங்களை மீண்டும் அனுப்பியது. 1912 மார்ச் 27 அன்று முதல் இரண்டு மரங்கள் நடப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் தாவரத் தடுப்புக்காப்புச் சட்டம் வந்தது. 1919-ல் விதிகள் இன்னும் இறுகின. மண்ணோடு வரும் செடிகளுக்குப் பெரும்பாலும் கதவு அடைக்கப்பட்டது.

இங்கேதான் போன்சாய்க்குச் சிக்கல். செர்ரி மரத்தை எரித்துவிட்டு வேறு அனுப்பலாம். நூற்றாண்டுகளாக வளர்த்த குட்டி மரத்துக்கு மாற்று ஏது? ஆழமில்லாத தொட்டி, கொஞ்சம் மண், கொஞ்சம் வேர். அதில் செதில் பூச்சியோ சிலந்திப் பேனோ பெருகினால் ஒரு கிளை போகும். அந்தக் கிளை போனால் மரத்தின் வடிவமே போய்விடும். கடுமையான மருந்து அடித்தால் மரமே போகலாம்.

அமெரிக்க சுதந்திரத்தின் 200-வது ஆண்டுக்காக ஜப்பான் 53 போன்சாய் மரங்களைப் பரிசளித்தது. 1975-ல் வந்த அவை நேராகக் காட்சிக்குப் போகவில்லை. மேரிலாந்தில் உள்ள கிளென் டேல் மையத்தில் சுமார் ஓராண்டு தனிமைக் கண்காணிப்பில் இருந்தன. அதன் பிறகே, 1976 ஜூலையில் வாஷிங்டன் தேசிய மரப் பூங்காவில் இடம் கிடைத்தது.

அவற்றில் ஒன்று, 1625 முதல் வளர்க்கப்பட்டு வரும் வெள்ளைப் பைன். மசாரு யமாகி கொடுத்தது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில், மதில் மறைவில் நின்று பிழைத்த மரம் அது! யமாகியின் பேரன்கள் 2001-ல் அதைப் பார்க்க வந்தபோதுதான் பூங்காவுக்கே இந்தக் கதை தெரிந்தது.

1910-ல் பூச்சிக்கு மருந்து, தீ. 1975-ல் அதே பயத்துக்கு மருந்து, பொறுமை. அணுகுண்டுக்குத் தப்பிய மரம், ஒரு செதில் பூச்சிக்குப் பலியாகாமல் இருந்ததற்கு அந்த ஓராண்டுக் காத்திருப்புக்கும் பங்கு உண்டு.