மிச்சத்தில் பிறந்த பொறி

மகாராஷ்டிரத்து ரஞ்சன்காவில் மழை குறைவு. சகியாத்ரி மலைக்குக் கிழக்கே மழை மறைவில் கிடக்கிற பூமி இது. ஆடி மாதத்திலும் மகாகணபதி கோயில் வாசலில் தூசி பறக்கும். இங்கே தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நாங்கள் நாலைந்து பேர், சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு ஜுன்னர் வழியாக மேற்கே போய்விடுவோம். சில மணி நேரத்தில் வேறு உலகம். நாணேகாட் கணவாயில் ஜூலை மாதம் நின்று பார்த்தால், கீழே விழ வேண்டிய அருவியைக் கொங்கணத்துக் காற்று மேலே திருப்பி அடித்துக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு பயணத்தில்தான் நெருப்பின் அருமை எனக்குத் தெரிந்தது. இருட்டிவிட்டது. எங்களில் ஒருவன் வழுக்கி விழுந்து ஓடைத் தண்ணீரில் முழுக்க நனைந்து, பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தான். பையில் தீப்பெட்டி இருந்தது. உரசியதும் குச்சியின் மருந்து களிம்பு போல உதிர்ந்து பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. லைட்டர் இருந்தது. அதன் சக்கரம் ஈரத்தில் வழுக்கிச் சுற்றியதே தவிரப் பொறி வரவில்லை. கட்டைவிரல் தோல்தான் உரிந்தது.

சற்றுத் தள்ளி ஒரு குடிசையில் தங்கியிருந்த தங்கர் பெரியவர் எங்களை உள்ளே கூப்பிட்டார். தங்கர் என்றால் இந்தப் பக்கத்து ஆட்டிடையர். தலை முதல் முழங்கால் வரை கறுப்புக் கம்பளிக் கோங்கடி. நான் மறுபடி லைட்டரைத் தட்டப் போனேன். "தாம்பா" என்று கையமர்த்தினார். மராட்டியில் பொறுங்கள் என்று பொருள். மடியிலிருந்து ஒரு சுருக்குப்பை, அதற்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரு இரும்புத் துண்டு, விரல் நீளத்துக்கு ஒரு கல், கருக்கிய பஞ்சு. பஞ்சைக் கல்லின் மேல் வைத்துப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு இரும்பால் இரண்டு தட்டு. மூன்றாவது தட்டில் பஞ்சில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்து பரவியது. "சக்மக்" என்று சொல்லிவிட்டு அடுப்பில் ஊதினார்.

சக்மக் என்ற சொல் துருக்கிய மொழியிலிருந்து புறப்பட்டு உருது வழியாக வந்தது. தமிழில் அதுவே சக்கிமுக்கி, சிக்கிமுக்கி. ஆனால் அந்தப் பெரியவரைப் பார்த்தபோது என் மனத்தில் வந்தது அந்தச் சொல்லைவிடப் பழைய ஒரு ஆள். நற்றிணை 142ஆம் பாட்டில் ஒரு இடையன் வருகிறான். மழைக்காலத்துக் கடைசி நாள். தூறல் அவன் உடம்பின் ஒரு பக்கத்தை நனைக்கிறது. தடியை ஊன்றிச் சாய்ந்து நின்று, நாவை மடித்துச் சீழ்க்கை அடித்து ஆடுகளைக் காவல் காக்கிறான். அவன் முதுகில் உறியோடு ஒரு மூட்டை. அதில் ஞெலிகோல், அதாவது தீக்கடைகோல் வைத்த பை, தோலோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டியிருக்கிறது. மழையில் நெருப்பைப் பிறப்பிக்கிற சாமானை நனையாமல் வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஈராயிரம் ஆண்டுக்குப் பிறகும் அந்தப் பெரியவரின் பிளாஸ்டிக் உறை செய்வது அதைத்தான்.

திரும்பி வந்ததும் நான் வாங்கியது ஃபெர்ரோ ராட். பேனா மூடி அளவுக்குக் கறுப்பாக ஒரு கம்பி, கூடவே சுரண்ட ஒரு தகடு. மலையேறுகிறவர்கள் பலரின் பையில் இது இருக்கும். லைட்டரில் நாம் "கல்" என்று சொல்லி மாற்றுகிறோமே, அதன் பெரிய அண்ணன் இது. உண்மையில் லைட்டர் கல்லும் கல் அல்ல, இந்த ராடும் கல் அல்ல. சிக்கிமுக்கியில் கடினமான கல், இரும்பைச் செதுக்குகிறது. சிதறும் இரும்புத் துகள் காற்றில் பற்றிச் சிவக்கிறது. ராடில் கதை தலைகீழ். இங்கே இரும்புத் தகடுதான் கடினம், ராட் மெத்து. சுரண்டும்போது உதிர்வது பெரும்பாலும் சீரியம் என்ற உலோகம். உரசலில் எழும் சூடே அதைப் பற்றவைக்கப் போதும். பற்றிய துகள் 3000 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. நனைந்தால் துடைத்துவிட்டுச் சுரண்டலாம்.

இந்தக் கம்பி பிறந்த இடம் ஆஸ்திரியா. பெற்றவர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். 1858இல் வியன்னாவில் பிறந்து, ஹைடல்பர்க்கில் வேதியியலாளர் புன்சனிடம் படித்தவர். நெருப்பு மூட்டும் சாமான் செய்ய வேண்டும் என்று அவர் கிளம்பவில்லை. அவருக்கு வெளிச்சம்தான் வேண்டியிருந்தது. அந்நாளில் ஐரோப்பியத் தெருக்களில் கேஸ் விளக்கு மங்கலாக எரிந்தது. துணி வலையைச் சில உலோக உப்புக் கரைசல்களில் நனைத்து எரித்தால், துணி போய் உலோக ஆக்சைடின் கூடு மட்டும் நிற்கும். அது கேஸ் சுடரில் வெள்ளையாக ஒளிரும் என்று 1885இல் கண்டுபிடித்தார். முதல் கலவை பச்சையாகவும் நோஞ்சானாகவும் எரிந்தது. 1891இல் சரியான விகிதம் கிடைத்தது: தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு. நம் ஊர்த் திருவிழாவிலும் கல்யாண ஊர்வலத்திலும் தலைமேல் வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் அதுதான். "வைதேகி காத்திருந்தாள்" படத்தில் செந்தில் தொட்டதும் பொடிப்பொடியாகிப் போகும் மேண்டிலை நினைத்துப் பாருங்கள். தொட்டால் உதிரும் அந்தச் சாம்பல் கூடுதான் உலகத்துக்கு இரவில் வெளிச்சம் தந்தது.

தோரியம் கிடைப்பது மோனசைட் என்ற மணலில். அந்த மணலில் தோரியம் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. பாதிக்கு மேல் சீரியம், லாந்தனம், நியோடிமியம் என்று அரிய மண் உலோகங்கள். மேண்டிலுக்கு வேண்டிய தோரியத்தை எடுத்தபிறகு, ஆவரின் ஆலையில் இந்த மிச்சம் மலையாகக் குவிந்தது. ஒதுக்கித் தள்ளாமல், அதை உலோகமாக்கிப் பார்த்தார். ஒன்றாகக் கலந்து கிடந்த அந்த உலோகத்துக்கு மிஷ்மெட்டல் என்று பெயர். ஜெர்மன் மொழியில் மிஷ் என்றால் கலப்பு. தமிழ்க் காதில் மிச்சம் என்று விழுகிறது; எனக்கு இரண்டும் சரியாகவே படுகின்றன. வெறும் மிஷ்மெட்டல் மென்மையானது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரும்பைச் சேர்த்தபோது உரசினால் பொறி பறந்தது. 1903இல் காப்புரிமை. கரிந்தியா மாநிலத்து ட்ரைபாக்கில் அவர் நிறுவிய ஆலையில் லைட்டர் கல் பெருவாரியாகத் தயாராகத் தொடங்கியது. அந்த நிறுவனம் இன்றும் ட்ரைபாக்கில் இயங்குகிறது.

முதல் பொறிக்கு மணல் பெரும்பாலும் பிரேசிலிலிருந்து வந்தது. நம் கரை இதில் நுழைந்தது ஆறு வருஷம் கழித்து, தற்செயலாக. திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பா போன தென்னங்கயிற்றில் மணல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909இல் அதைச் சோதித்தபோது மோனசைட் தெரிந்தது. மணல் வந்த வழியைப் பிடித்துக்கொண்டே கன்னியாகுமரிப் பக்கத்து மணவாளக்குறிச்சிக்கு வந்து, 1910இல் அங்கே ஆலை போட்டார். பிறகு கொல்லத்துக்கு வடக்கே சவறாவிலும் ஒன்று. 1914இல் போர் மூண்டதும் ஜெர்மானியர் என்று அவரைப் பிடித்து அடைத்தார்கள். ஆலை ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1950இல் இந்திய அரசு அரிய மண் நிறுவனத்தை ஆரம்பித்தது. 1952இல் ஆலுவாயில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலை வந்தது. மணவாளக்குறிச்சியும் 1960களில் அந்த நிறுவனத்தின் கீழ் வந்தது.

கன்னியாகுமரிக்குப் போன எவரும் பொட்டலத்தில் பல நிற மணல் வாங்கியிருப்பார்கள். தேவியின் கல்யாணம் நின்றுபோனதால் சமைக்க வைத்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்பது கதை. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். அவற்றுக்கிடையே தேன் நிறத்தில் மினுங்குவது மோனசைட். அந்த மணல் பேரில் இன்றும் அங்கே வழக்கும் போராட்டமும் உண்டு. கரையோர மீனவர்கள் கதிரியக்கத்தையும் கடலரிப்பையும் சொல்லிச் சுரங்கம் வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். தோரியம் கலந்த மண் விளையாட்டுப் பொருள் அல்ல. இன்று உலகத்து அரிய மண் உலோகத்தின் பெரும்பகுதி சீனாவில் பிரிபடுகிறது. நான் வாங்கிய ராடும் சீனத் தயாரிப்புத்தான்.

மழைக்குப் பை கட்டுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். ராட் இருக்கிறது என்று லைட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். உடம்பு நடுங்கும்போது ஒரு சொடுக்கில் சுடர் தருவது லைட்டர்தான். அதை உடம்போடு ஒட்டி உலர்வாக வைத்திருந்தால் போதும். லைட்டரும் தீப்பெட்டியும் கைவிட்ட பிறகுதான் ராட். வாங்கும்போது சிறுவிரல் பருமனாவது இருக்கட்டும். சாவிக்கொத்தில் தொங்கும் ஊசி போன்றவை குளிரில் மரத்த கையில் நிற்காது. புதுசாக இருக்கும்போதே மேலிருக்கும் கறுப்புப் பூச்சைச் சுரண்டிவிடுங்கள். அது இருந்தால் பொறி வராது. சுரண்டும்போது தகட்டை அசைக்காமல் பிடித்து ராடைப் பின்னால் இழுங்கள். தகட்டை முன்னால் தள்ளினால், பாடுபட்டுச் சேர்த்த பஞ்சும் சருகும் சிதறிப் போகும். காட்டில் தேவையில்லாமல் நெருப்பு மூட்டுவது வனத்துறை விதிக்கும் விரோதம், மரத்துக்கும் விரோதம். இது உயிருக்கு ஆபத்து வரும் நேரத்துக்கான சாமான்.

பொறி எவ்வளவு சூடாக இருந்தாலும் கண நேரத்தில் அணைந்துவிடும். விழுகிற இடம் உலர்ந்து, மெல்லிசாக இருக்க வேண்டும். வாஸ்லின் தடவிய பஞ்சு நன்றாகப் பிடிக்கும். என் டப்பாவில் அதற்கும் மேலாக நான் நம்புவது, ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பும் தேங்காயின் மட்டையில் உரித்த நார். உள்ளங்கையில் வைத்துக் கசக்கிக் கசக்கிப் பூனை முடி போல ஆக்கி, தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி உருட்டி, நடுவில் ஒரு குழி. ராடை ஒரே இழுப்பு. மஞ்சள் வெள்ளைப் பொறிகள் குழிக்குள் கொட்டுகின்றன. இரண்டு மூச்சுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு நாரின் ஒரு ஓரம் சுருண்டு, புகை எழுந்து, சுடர் நிமிர்கிறது.