அரசன் மறைந்தும் அணையாத விளக்கு: மராகா வானாய்வுக்கூடம் தரும் படிப்பினை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

பல துறை அறிஞர்களை ஓரிடத்தில் கூட்டி, நூல்களும் கருவிகளும் ஊதியமும் அளித்துப் புதியன காணச் செய்யும் நிறுவனங்களை இன்று 'புத்தாக்க மையங்கள்' என்று அழைக்கின்றனர். இவற்றைத் தொடங்குவது எளிது. நிலைபெறச் செய்வதே அரிது. தொடங்கியவரின் ஆர்வம் தணிந்தாலோ, கொடுத்தவரின் கை சுருங்கினாலோ கதவுகள் பூட்டப்பட்டு விடுகின்றன. இந்தச் சிக்கலுக்கு இஸ்லாமிய உலகம் 750 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விடை கண்டது.

அப்பாசியக் கலீஃபா மஃமூன், பக்தாதிலும் டமாஸ்கஸிலும் வானத்தை ஆராய ஏற்பாடு செய்தார். கணிதம், வானியல் வல்லுநர்கள் ஒன்றுகூடி அரிய அளவீடுகளைச் செய்தனர். ஆயினும் அப்பணி முழுவதும் கலீஃபாவின் கருவூலத்தையே நம்பியிருந்தது. கி.பி. 833-ல் அவர் மறைந்ததும் அந்த ஆய்வுகளும் நின்றுபோயின.

1258-ல் மங்கோலிய மன்னர் ஹுலாகு பக்தாதை அழித்தார். அதே ஹுலாகுவின் ஆதரவைப் பெற்று, அடுத்த ஆண்டிலேயே வடமேற்கு ஈரானின் மராகா நகரில் ஒரு வானாய்வுக்கூடத்தை எழுப்பத் தொடங்கினார் அறிஞர் நஸீருத்தீன் தூஸி. கோள்களை முறையாகக் கவனித்து அட்டவணை தயாரிக்க 30 ஆண்டுகள் வேண்டும் என்றார் தூஸி. சனிக் கோள் ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ அவ்வளவு காலம் ஆகும். மன்னரோ 12 ஆண்டுகளில் முடிக்கச் சொன்னார் என்பது வரலாற்றுச் செய்தி. அறிவுப்பணிக்கு வேண்டிய காலமும் ஆட்சியாளரின் பொறுமையும் ஒத்துப்போவதில்லை என்பதை இச்செய்தி உணர்த்துகிறது.

மராகா செயற்பட்ட முறை கவனிக்கத்தக்கது. டமாஸ்கஸிலிருந்து வந்த முஅய்யதுத்தீன் உர்தி பெருங்கருவிகளை வடிவமைத்தார். முஹ்யித்தீன் மக்ரிபி வானத்தை அளந்தார். குத்புத்தீன் ஷீராஸி மாணவராக வந்து பேரறிஞராக உயர்ந்தார். சீன நாட்டு அறிஞர் ஒருவரும் அங்கு இருந்தார். பெரிய நூலகம் ஒன்று இருந்தது. அதன் பொறுப்பை இப்னுல் ஃபுவத்தீ வகித்தார். கணக்கிடுபவர், கருவி செய்பவர், கற்பவர், கற்பிப்பவர் அனைவரும் ஒரே வளாகத்தில் வாழ்ந்ததால், ஒருவரின் ஐயம் மற்றவரின் ஆய்வுப்பொருளாயிற்று.

ஹுலாகு 1265-ல் மரணமடைந்தார். முந்தைய வழக்கப்படி ஆய்வுக்கூடமும் அத்துடன் முடிந்திருக்க வேண்டும், ஆனால் முடியவில்லை. காரணம், வக்ஃபு! நாட்டின் வக்ஃபு சொத்துகளை மேற்பார்வையிடும் பொறுப்பு தூஸியிடம் இருந்தது. அந்த வருவாயில் பத்தில் ஒரு பங்கு ஆய்வுக்கூடத்திற்கு ஒதுக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். 'ஸீஜே இல்கானி' எனும் வானியல் அட்டவணை, ஹுலாகுவின் மகன் அபாகாவின் ஆட்சியில் நிறைவுற்றது. 1274-ல் தூஸி மறைந்தபின் அவருடைய மைந்தர்கள் பணியைத் தொடர்ந்தனர். நிறுவிய மன்னரும், வழிநடத்திய அறிஞரும் மறைந்த பின்னும் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அந்த விளக்கு எரிந்தது.

இதற்கு மாறானது சமர்கந்தின் வரலாறு. அறிஞராகவும் மன்னராகவும் திகழ்ந்த உலூக் பேக் அங்கு மாபெரும் வானாய்வுக்கூடம் அமைத்து, ஆயிரத்திற்கும் மேற்பட்ட விண்மீன்களின் பட்டியலைத் தந்தார். ஆனால் ஆய்வுக்கூடத்தின் உயிர் அவருடைய உயிரோடு பிணைந்திருந்தது. 1449-ல் சொந்த மகனின் சதியால் அவர் கொல்லப்பட்டதும் அது சிதைந்தது. மண்ணுள் புதைந்த அதன் எச்சம் 1908-ல்தான் கண்டெடுக்கப்பட்டது. இஸ்தான்பூலில் தகியுத்தீன் 1577-ல் நிறைவுசெய்த ஆய்வுக்கூடமோ, சுல்தானின் ஆணையாலேயே 1580-ல் இடிக்கப்பட்டது. மன்னரின் விருப்பம் கட்டியதை மன்னரின் விருப்பமே இடித்தது.

நிலைபேற்றுக்கு மற்றொரு வழியை டமாஸ்கஸ் காட்டுகிறது. 14-ஆம் நூற்றாண்டில் அங்குள்ள உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணிக்கும் 'முவக்கித்' பணியில் இருந்தவர் இப்னு ஷாத்திர். மக்களுக்கு அன்றாடம் தேவையான அப்பணியில் இருந்துகொண்டே, மராகா அறிஞர்கள் எழுப்பிய வினாக்களுக்கு அவர் விடை தேடினார். சந்திரனின் இயக்கத்திற்கு அவர் வகுத்த கணித அமைப்பே, 1543-ல் வெளிவந்த கோப்பர்நிக்கஸின் நூலிலும் காணப்படுகிறது. பள்ளிவாசலின் நிழலில் வளர்ந்த ஆய்வு உலக வானியலின் உச்சத்தைத் தொட்டது!

இவற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினை தெளிவானது. அறிவு மையம் நீடிக்க, ஒரு மனிதரின் ஆயுளைக் கடந்து வரும் வருவாய் வேண்டும். ஆசானின் இடத்தை நிரப்பும் மாணவர் வேண்டும். சமுதாயத்தின் அன்றாடத் தேவையோடு தொடர்பு வேண்டும். வருவாயும் என்றும் காக்கப்பட வேண்டிய ஒன்றே. இல்கானிய அரசு தளர்ந்து வக்ஃபு நிர்வாகமும் குலைந்தபோது, மராகாவும் பாழாயிற்று என்பதை நாம் மறந்துவிடலாகாது.

உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலம் குறித்து ஆலோசனை கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்து அதன் விளைச்சலைத் தர்மம் செய்யும் வழியை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காட்டினார்கள். அதுவே வக்ஃபின் அடித்தளம்.

இன்று நம் ஜமாஅத்துகள் பலவற்றில் கல்வி உதவி, ஆண்டுதோறும் திரட்டும் நன்கொடையையே நம்பி நிற்கிறது. கொடுப்பவர் வெளிநாட்டிலிருந்து திரும்பிவிட்டால், படிக்கும் பிள்ளையின் கட்டணமும் நின்றுவிடுகிறது. ஒரு கடையின் வாடகையோ, ஒரு தோப்பின் விளைச்சலோ கல்விக்கென்றே முறைப்படி வக்ஃபு செய்யப்பட்டு, அதன் கணக்கு ஆண்டுதோறும் ஜமாஅத்தார் முன் வைக்கப்படுமானால், கொடுத்தவர் மறைந்த பின்னும் நூலகத்தின் விளக்கு எரியும். நன்மையும் அவரைச் சென்றடைந்துகொண்டே இருக்கும்.

வல்ல அல்லாஹ் அத்தகைய நற்பணிகளுக்கு நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.