ஃபேமிலி பிளானா... தனித்தனி ரீசார்ஜா? நாலு பேர் வீட்டுக்கு எது லாபம்? முழு கணக்கு இதோ!

வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு செல்போன், நாலு ரீசார்ஜ். அப்பா நம்பருக்கு ஒரு தேதி, அம்மா நம்பருக்கு ஒரு தேதி. யாராவது ஒருத்தர் நம்பர் எப்போதும் 'வேலிடிட்டி முடியப்போகிறது' என்று எஸ்எம்எஸ் வாங்கிக்கொண்டே இருக்கும். 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் கட்டணத்தை உயர்த்திய பிறகு, 'பேசாம எல்லாத்தையும் ஒரே ஃபேமிலி பிளான்ல போட்டுடலாமா?' என்ற கேள்வி பல வீடுகளில் வந்திருக்கிறது.

போடலாம். ஆனால் எல்லா வீட்டுக்கும் அது லாபம் இல்லை. யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஃபேமிலி பிளான் என்றால் என்ன?

இது ஒரு போஸ்ட்பெய்டு திட்டம். ஒருவர் முதன்மை வாடிக்கையாளர். அவர் பெயரில்தான் பில் வரும். மற்றவர்கள் அவருடைய கணக்கில் கூடுதல் இணைப்பாகச் சேர்வார்கள். எல்லோருக்கும் தனித்தனி நம்பர், தனித்தனி சிம் இருக்கும். பில் மட்டும் ஒன்று.

2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு அறிவிக்கப்பட்ட முக்கியமான திட்டங்கள் இவை:

- ஜியோ: 449 ரூபாய்க்கு 75 ஜிபி டேட்டா. கூடுதலாக 3 பேர் வரை சேர்க்கலாம். ஒரு ஆளுக்கு மாதம் 150 ரூபாய், அவருக்காக 5 ஜிபி கூடுதல் டேட்டா.
- ஏர்டெல்: 699 ரூபாயில் 2 இணைப்பு, 1,199 ரூபாயில் 4 இணைப்பு.
- வோடஃபோன் ஐடியா: 701 ரூபாயில் 2 இணைப்பு, 1,201 ரூபாயில் 4 இணைப்பு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிரீபெய்டு விலையில் ஜிஎஸ்டி சேர்ந்தே இருக்கும். 299 என்றால் 299தான். போஸ்ட்பெய்டு விளம்பரத்தில் வரும் விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. 1,199 என்று விளம்பரத்தில் பார்ப்பது பில்லில் 1,414 ரூபாய் 82 காசாக வரும்.

எல்லாமே 'அன்லிமிடெட் கால்' தானே?

ஆமாம். அதனால்தான் கால் வசதியை வைத்து இன்றைக்கு பிளானை ஒப்பிட முடியாது.

ஒரு காலத்தில் கதை வேற. நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். அதைக் குறைக்க ரேட் கட்டர். குடும்பத்துக்குள் பேச சியூஜி. காசு மிச்சம் பிடிக்க மிஸ்டு கால். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகுதான் 'அன்லிமிடெட்' என்ற வார்த்தை எல்லா நிறுவனத்துக்கும் வந்தது. அப்போதும்கூட சில நிறுவனங்கள் ஒரு நாளைக்கு 250 அல்லது 300 நிமிடம் என உச்சவரம்பு வைத்திருந்தன. 2019 அக்டோபரில் ஜியோ, வேறு நெட்வொர்க்குக்குப் பேசினால் நிமிடத்துக்கு 6 காசு என்று வசூலித்தது. ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய இணைப்புக் கட்டணம்தான் அந்த 6 காசு. 2021 ஜனவரி 1 முதல் அது ஒழிந்தது.

இப்போது இந்தியாவுக்குள் எந்த நம்பருக்குப் பேசினாலும், எந்த மாநிலத்தில் இருந்து பேசினாலும் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் 'அன்லிமிடெட்' என்பதற்கு வெளியேயும் சில விஷயங்கள் இருக்கின்றன. வயதானவர்கள் இருக்கும் வீடுகள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது:

- வெளிநாட்டு அழைப்பு. துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ சாதாரண கால் போட்டால் தனிக் கட்டணம். வாட்ஸ்அப் கால் என்றால் டேட்டா செலவாகும்.
- 1860 என்று தொடங்கும் கஸ்டமர் கேர் நம்பர்கள். 1800 இலவசம், 1860 இலவசம் இல்லை.
- போட்டி, ஜோதிடம் போன்றவற்றுக்கான 5 இலக்க நம்பர்கள்.
- வெளிநாட்டில் இருக்கும்போது ரோமிங்.

பிரீபெய்டில் இவற்றுக்குத் தனியாக பேலன்ஸ் இல்லாவிட்டால் கால் போகாது, அவ்வளவுதான். போஸ்ட்பெய்டில் கால் போய்விடும். காசு பில்லில் வரும்.

28 நாள் கணக்கை மறக்காதீங்க

பிரீபெய்டில் பெரும்பாலான திட்டங்கள் 28 நாள். ஒரு வருஷத்துக்கு 12 ரீசார்ஜ் இல்லை, 13 ரீசார்ஜ். 299 ரூபாய் பிளானின் உண்மையான மாதச் செலவு கிட்டத்தட்ட 324 ரூபாய். 30 நாள் வேலிடிட்டி உள்ள பிளான் ஒன்றாவது கட்டாயம் தர வேண்டும் என்று டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. ஆனாலும் அதிகம் விற்பது 28 நாள் பிளான்தான்.

போஸ்ட்பெய்டு முழு மாதக் கணக்கு. அதனால் இரண்டையும் ஒப்பிடும்போது மாத விலையை வைத்துப் பார்க்காமல், வருஷக் கணக்கு போடுவதுதான் சரி.

சரி, கணக்குக்கு வருவோம்

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வேலைக்குப் போகும் அப்பா, காலேஜ் போகும் மகள், வீட்டில் இருக்கும் அம்மா, பாட்டி. வீட்டில் வைஃபை இருக்கிறது. அப்பாவுக்கும் மகளுக்கும் வெளியே டேட்டா தேவை. அம்மா வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் பார்ப்பார். பாட்டிக்குப் போன் பேசினால் போதும்.

1. நாலு பேருக்கும் ஜியோவின் 299 பிரீபெய்டு (28 நாள், தினம் 1.5 ஜிபி): வருஷத்துக்கு 15,548 ரூபாய்.

2. ஏர்டெல் 1,199 ஃபேமிலி பிளான்: ஜிஎஸ்டியோடு வருஷத்துக்கு 16,978 ரூபாய்.

3. ஜியோ 449 பிளானில் மூன்று பேரைச் சேர்த்தால் மாதம் 899, ஜிஎஸ்டியோடு 1,061. வருஷத்துக்கு 12,730 ரூபாய்.

4. அப்பா, மகளுக்கு 299 பிரீபெய்டு. அம்மா, பாட்டிக்கு ஏர்டெலின் கால் மட்டும் உள்ள 1,849 ரூபாய் வருஷ பிளான்: மொத்தம் 11,472 ரூபாய்.

இந்த வீட்டுக்குக் குறைந்த செலவு நாலாவது வழி. முதல் வழியோடு பார்த்தால் வருஷத்துக்கு 4,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். மூன்றாவது வழி அடுத்த இடத்தில் வருகிறது. வித்தியாசம் மாதம் சுமார் 105 ரூபாய். 'அந்த 105 ரூபாய்க்கு ஒரே பில்லா வந்தா நிம்மதி' என்று நினைப்பவர்களுக்கு ஃபேமிலி பிளான் மோசம் இல்லை.

ஏர்டெலின் ஃபேமிலி பிளானில் ஓடிடி சந்தாவும் சேர்ந்து வரும். அந்தச் சந்தாவை நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்றால் மட்டும் அதை மொத்தத்தில் கழித்துப் பாருங்கள். பார்க்கவே பார்க்காத ஓடிடியை 'இலவசம்' என்று கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கால் மட்டும் உள்ள பிளான் எங்கிருந்து வந்தது?

டேட்டாவே பயன்படுத்தாதவர்களும் டேட்டாவுக்குச் சேர்த்து காசு கட்டிக்கொண்டிருந்தார்கள். 2024 டிசம்பரில் டிராய், கால் மற்றும் எஸ்எம்எஸ் மட்டும் உள்ள திட்டத்தைக் கட்டாயம் தர வேண்டும் என்று நிறுவனங்களுக்குச் சொன்னது. இப்படிப்பட்ட சிறப்பு ரீசார்ஜ்களின் அதிகபட்ச வேலிடிட்டியையும் 90 நாளில் இருந்து 365 நாளாக உயர்த்தியது.

அதன்படி 2025 ஜனவரியில் வந்தவை: ஜியோவில் 84 நாளுக்கு 448 ரூபாய், 336 நாளுக்கு 1,748 ரூபாய். ஏர்டெலில் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய். முதலில் இதைவிடக் கூடுதல் விலையில் அறிவித்து, சில நாளிலேயே இரண்டு நிறுவனங்களும் குறைத்தன.

கடையிலோ ஆப்பிலோ இந்த பிளான் முதலில் கண்ணில் படாது. தேடித்தான் எடுக்க வேண்டும். கடைக்காரரிடம் 'நெட் வேண்டாம், கால் மட்டும்' என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பேங்க் ஓடிபி வருமா என்று கேட்பீர்கள். வரும். எஸ்எம்எஸ் எண்ணிக்கை எல்லாம் நாம் அனுப்புவதற்குத்தான், வருவதற்கு இல்லை.

இன்னொரு முக்கியமான விஷயம்: ஜியோவில் 2ஜி கிடையாது. பாட்டி கையில் இருப்பது பழைய 2ஜி பட்டன் போன் என்றால் ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. ஃபேமிலி பிளானுக்காக அவர் நம்பரை மாற்றினால், புது போனும் வாங்க வேண்டி வரும். பழகிய பட்டன் போனைப் பறித்துவிட்டு, மாதம் 100 ரூபாய் மிச்சம் பிடிப்பதில் அர்த்தம் இல்லை.

டேட்டா தீர்ந்தால் என்ன ஆகும்?

பிரீபெய்டில் தினசரி டேட்டா தீர்ந்தால் வேகம் படுத்துவிடும். கூடுதல் காசு போகாது. ஜியோவின் ஃபேமிலி பிளானில் 75 ஜிபி என்பது எல்லோருக்கும் பொதுவானது. அது தீர்ந்தால் ஒரு ஜிபிக்கு 10 ரூபாய், அதற்கும் ஜிஎஸ்டி.

மாதம் 20 ஜிபி கூடுதலாகப் போனால் 236 ரூபாய் ஏறும். 1,061 ரூபாய் பில் 1,297 ஆகிவிடும். நாலு பேருக்கும் தனித்தனியாக 299 ரீசார்ஜ் செய்தால் வரும் மாத சராசரி 1,296. அதாவது 20 ஜிபியைத் தாண்டினால் ஃபேமிலி பிளானின் லாபம் காலி. ரீல்ஸும் கிரிக்கெட்டும் வெளியே பார்ப்பவர் ஒருத்தர் இருந்தாலே இது நடக்கும்.

எனவே முடிவு எடுப்பதற்கு முன், ஒவ்வொருவர் போனிலும் செட்டிங்ஸில் போய், கடந்த மாதம் எவ்வளவு மொபைல் டேட்டா செலவானது என்று பாருங்கள். வைஃபை கணக்கு வேண்டாம். நாலையும் கூட்டினால் விடை கிடைத்துவிடும்.

பில் ஒருத்தர் பேரில்... பொறுப்பும் அவருக்கே

ஃபேமிலி பிளானில் அதிகம் பேசப்படாத விஷயம் இதுதான். முதன்மை வாடிக்கையாளர் பில் கட்டத் தவறினால், அவர் நம்பரோடு சேர்ந்து மற்றவர்கள் நம்பரும் நிற்கக்கூடும். அப்பாவுக்கு ஒரு மாதம் சம்பளம் தள்ளிப்போனால், வேறு ஊரில் ஹாஸ்டலில் இருக்கும் மகளின் போனும் சிக்கலில் மாட்டும். அந்த நம்பரில்தான் அவளுடைய பேங்க் கணக்கு, ஆதார், யுபிஐ எல்லாம் இருக்கிறது.

பிரீபெய்டில் அவரவர் நம்பர் அவரவர் பொறுப்பு. அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும், எங்கிருந்து வேண்டுமானாலும் ரீசார்ஜ் செய்துவிடலாம்.

சிம் யார் பெயரில் பதிவாகிறது என்பதையும் சேரும்போதே கேளுங்கள். ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 சிம்தான் இருக்கலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் 6. உங்கள் பெயரில் எத்தனை நம்பர் இருக்கிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். வேலைக்குப் போகும் பிள்ளைகளின் நம்பர் அவர்கள் பெயரிலேயே இருப்பது நல்லது. நாளைக்கு கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் போகும்போதும், வேறு நிறுவனத்துக்கு மாறும்போதும் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம்.

மாறுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

- சிக்னல் முதலில். நாலு பேரும் ஒரே நிறுவனத்துக்கு மாறினால், அந்த சிக்னல் நாலு பேர் இருக்கும் இடத்திலும் கிடைக்க வேண்டும். வீடு, ஆபீஸ், காலேஜ், சொந்த ஊர் எல்லாம் பாருங்கள். நாலும் ஒரே நெட்வொர்க் என்றால், அது படுக்கும் நாளில் வீட்டில் ஒரு போனும் வேலை செய்யாது.
- நம்பரை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போக, போர்ட் என்று டைப் செய்து உங்கள் நம்பரைச் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். வரும் கோடு தமிழ்நாட்டில் 4 நாள் செல்லும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். போஸ்ட்பெய்டில் பாக்கி இருந்தால் மாற முடியாது.
- சிம் தொலைந்து புது சிம் வாங்கியிருந்தால் 7 நாள் கழித்துத்தான் போர்ட் கோடு கிடைக்கும். மோசடியைத் தடுக்க 2024 ஜூலை 1 முதல் இந்த விதி.
- பிரீபெய்டில் இருந்து போஸ்ட்பெய்டு போய்ப் பிடிக்கவில்லை என்றால், ஓடிபி மூலம் திரும்ப வர முன்பு 90 நாள் காத்திருக்க வேண்டும். முதல் முறை மாறுபவர்களுக்கு 2025 ஜூனில் இது 30 நாளாகக் குறைக்கப்பட்டது.
- பிரீபெய்டில் அன்லிமிடெட் 5ஜி வேண்டும் என்றால் ஜியோ, ஏர்டெலில் தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள பிளான் தேவை. மேலே கணக்கில் எடுத்த 299 பிளானில் அது வராது.

யாருக்கு எது?

- நாலு பேரும் வெளியே டேட்டா பயன்படுத்துபவர்கள், ஆனால் அளவாக: ஃபேமிலி பிளான் பார்க்கலாம்.
- இரண்டு பேருக்கு டேட்டா, இரண்டு பேருக்குப் பேச்சு மட்டும்: தனித்தனி பிரீபெய்டுதான் லாபம்.
- நாலு பேரும் தினம் ஒரு ஜிபிக்கு மேல் செலவு செய்பவர்கள்: தினசரி டேட்டா உள்ள பிரீபெய்டு.
- மாத வருமானம் சீராக இல்லாத வீடு: போஸ்ட்பெய்டு பக்கம் போக வேண்டாம்.

கட்டணங்கள் அடிக்கடி மாறும். காசு கட்டுவதற்கு முன் நிறுவனத்தின் ஆப்பில் அன்றைய விலையைப் பார்த்து, இதே கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிரீபெய்டு விலையை 13-ஆல் பெருக்குங்கள். போஸ்ட்பெய்டு விலையோடு 18 சதவீதம் சேர்த்து 12-ஆல் பெருக்குங்கள். எது குறைவோ, அதுதான் உங்க வீட்டு பிளான்.